முதுகில் பனி நிற்கட்டும்!
மலையில் செம்மறி வளர்க்கும் குடும்பங்களின் குளிர்காலக் கேள்விகள்

கேள்வி: எங்களிடம் 40 பெட்டைகளும் ஒரு கிடாவும் உள்ளன. முதல் பனி விழுந்ததும் எல்லாவற்றையும் கொட்டகைக்குள் ஓட்டி, இடுக்கெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டோம். இரண்டே வாரத்தில் பாதி ஆடுகள் இருமுகின்றன, மூக்கு ஒழுகுகிறது. குளிர் உள்ளே வராமலிருக்க இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக அந்தச் சாக்குகளை உருவி எறியுங்கள். இருமலைக் கொண்டுவந்தது குளிர் அல்ல, நீங்கள் உள்ளே பூட்டி வைத்த காற்று. 41 ஆடுகள் விடும் மூச்சின் ஈரம் கூரையில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக முதுகில் விழும். கீழே மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அது மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்க, ஈரக்காற்றில் திரியும் கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். நிமோனியா வருகிற வழி இதுதான்.

கொட்டகைக்குள் நின்றபடி மோந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆடு மூச்சு விடும் உயரத்துக்கு இறங்கி, முழங்கால் போட்டு ஒரு நிமிடம் இருங்கள். கண் கரித்தால் காற்றோட்டம் போதவில்லை. எழுந்ததும் முழங்காலைப் பாருங்கள். துணி நனைந்திருந்தால் வைக்கோலும் போதவில்லை. ஆழ்கூளமாகப் போடும்போது பழையதை வாரிக் கொட்டத் தேவையில்லை. ஈரம் மேலே எட்டும் முன் புது வைக்கோலைத் தூவிக்கொண்டே போனால் அடிக்கூளம் நொதித்து இளஞ்சூடு தரும்.

சுவரின் மேல்விளிம்பும் கூரையும் சேரும் இடத்தில், நீளவாட்டில் இருபக்கமும் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். முகட்டிலும் திறப்பு வேண்டும். கொட்டகையின் அகலத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 5 செ.மீ. என்று கணக்கு வையுங்கள். சூடான ஈரக்காற்று முகட்டு வழியே போய்விடும். ஆனால் தரையிலிருந்து 1.2 மீட்டர் வரை சுவரில் ஓட்டையே கூடாது. ஆட்டுக்கு ஆகாதது படுத்திருக்கும்போது விலாவில் அடிக்கும் காற்று. தலைக்கு மேலே போகும் காற்றால் கெடுதல் இல்லை. சினைப் பெட்டை ஒன்றுக்கு 1.2 முதல் 1.4 சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டியோடு என்றால் 2 சதுர மீட்டர்.

5 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கம்பளி உலர்ந்தும் இருந்தால், காற்றில்லாத இடத்தில் மைனஸ் 10 டிகிரியை ஆடு பொருட்படுத்தாது. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே நிற்கிறதா? உடற்சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பதறித் துடைக்க வேண்டாம். அஞ்ச வேண்டியது பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே, காற்றோடு கொட்டும் மழைக்கு. நனைந்த கம்பளியில் காற்றறைகள் நசுங்கிவிடுவதால் குளிர் நேரே தோலைத் தொடும்.

இப்போது இருமும் ஆடுகளைத் தனியே பிரித்து, ஓடவிடாமல் நிற்கவைத்து வெப்பநிலை பாருங்கள். 38.5 முதல் 39.5 டிகிரி இயல்பு. 40.5ஐத் தாண்டி, தீவனமும் எடுக்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: இதே மந்தைக்கு ஐந்து மாதம் உலர்புல் கொடுக்க வேண்டும். எத்தனை கட்டு வாங்குவது?

பதில்: கட்டுக் கணக்கில் வாங்கினால் பாதிக் குளிர்காலத்தில் கையைப் பிசைய வேண்டியிருக்கும். பார்வைக்கு ஒரே அளவான இரண்டு கட்டுகளில் ஒன்று 12 கிலோ, மற்றது 20 கிலோ இருக்கும். பத்துக் கட்டுகளை எடை போட்டுச் சராசரி எடுங்கள்.

60 கிலோ பெட்டை தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர்பொருளாகத் தின்னும். உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் உண்டு என்பதால் அது நாளுக்கு 1.4 முதல் 1.7 கிலோ புல். மிதித்து வீணாக்குவதையும் சேர்த்து 2 கிலோ வையுங்கள். 41 ஆடு, 150 நாள், 2 கிலோ என்றால் 12,300 கிலோ. பனி விலகத் தாமதமாகும் ஆண்டும் உண்டு. ஆகவே 14 டன் கையில் இருக்கட்டும்.

மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். தார்ப்பாயைப் புல்லோடு ஒட்டிப் போர்த்தினால் அடியில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு கட்டிய புல் உள்ளே புழுங்கிச் சூடேறும். புதிதாக அடுக்கிய போரில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, கால்மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் கலைக்கும் முன் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். கலைத்த கணத்தில் உள்ளே காற்றுப் புகுந்து பற்றிக்கொள்ளக் கூடும்.

கடுங்குளிர் நாளில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது தானியம் அல்ல, புல். நார் பெருவயிற்றில், அதாவது ஆட்டின் முதல் இரைப்பையில், நொதிக்கும்போது எழும் வெப்பம்தான் ஆட்டின் அடுப்பு. அந்த அடுப்பு இரவில் எரிய வேண்டும் என்பதால் நாளின் பெரிய பங்கை மாலையில் போடுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று திடீரென ஒரு வாளி தானியத்தைக் கொட்டினால் பெருவயிறு புளித்து, மறுநாள் காலை ஆடு எழுந்திருக்காது.

கேள்வி: தொட்டித் தண்ணீர் உறைந்துபோகிறது. சுற்றிலும் பனி கிடக்கிறதே, ஆடுகள் அதைத் தின்று சமாளிக்காதா?

பதில்: சினையில்லாத வளர்ந்த ஆடு, மென்மையான புதுப்பனி கிடைத்தால் சில நாள் சமாளிக்கும். மேலே பாளம் கட்டிய பனியை அதனாலும் தின்ன முடியாது. நிறைசினைக்கும் பால் கொடுப்பதற்கும் பனியை நம்பவே கூடாது. உலர்புல் தின்னும் ஆட்டுக்கு நாளுக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு 8 முதல் 10 லிட்டர். தண்ணீர் குறைந்தால் முதலில் தீவனம் குறையும், பிறகு பெருவயிற்றில் புல் இறுகும், கிடாவுக்கு மூத்திரக்கல் அடைக்கும்.

அகலமான ஆழமற்ற தொட்டி சீக்கிரம் உறையும். ஆழமான, வாய் குறுகிய தொட்டியாக வைத்து, பக்கங்களைச் சுற்றி வைக்கோல் திணித்த பலகைப்பெட்டி அடித்து, குடிக்கும் பக்கம் தவிர மேலே மூடி போடுங்கள். குழாயை உங்கள் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே புதைக்க வேண்டும். அது முடியாவிட்டால் காலையும் மாலையும் புல் போட்ட அரைமணியில் தண்ணீர் ஊற்றி, குடித்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கறுப்பு ரப்பர் தொட்டியைக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும், தொட்டி உடையாது. தண்ணீர் உறையாதிருக்க உப்புக் கரைப்பது பயனில்லாத வேலை. வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் உறைதடுப்பு திரவத்தைத் தொட்டியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இனிப்பாக இருப்பதால் ஆடு விரும்பிக் குடிக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும்.

கேள்வி: பசுவுக்கு வாங்கிய தாது உப்புக் கலவை மிச்சம் இருக்கிறது. ஆடுகளுக்கு வைக்கலாமா?

பதில்: கூடாது. அதில் உள்ள தாமிரத்தைப் பசு தாங்கும், செம்மறி தாங்காது. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் சேர்ந்து, பனிப்புயலோ பயணமோ வந்த ஒரு நாளில் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளிக்கும், மூத்திரம் கருஞ்சிவப்பாகும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வெள்ளாட்டுக் கலவையும் வேண்டாம். பையில் ‘செம்மறி’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஈனுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, நல்ல கொழுத்த பெட்டை ஒன்று மந்தையை விட்டுத் தனியே நின்றது. தீவனத் தொட்டிக்கு வரவில்லை. கண் தெரியாதது போலச் சுவரில் முட்டிக்கொண்டு, நான்காம் நாள் செத்துவிட்டது. வயிற்றில் இரண்டு குட்டிகள். விஷச்செடி தின்றிருக்குமோ?

பதில்: நீங்கள் சொல்லும் குறிகள் சினைக்கால நச்சுநோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. இரட்டைக் குட்டி சுமக்கும் தாய்க்கு வருவது. சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். குட்டியின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. தேவை கூடும் அதே நேரத்தில் குட்டிகள் பெருவயிற்றை நெருக்குவதால் தாயால் நிறையத் தின்ன முடியாது. பற்றாக்குறைக்கு உடல் தன் கொழுப்பைக் கரைக்கும். அளவுக்கு மீறிக் கரைத்தால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற கழிவு ரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும். கொழுத்த ஆடு தப்பிக்கும் என்று நினைப்பது தவறு. வயிற்றுக்குள் கொழுப்பும் இடத்தை அடைப்பதால் அதற்கும் ஆபத்து உண்டு.

முதல் அறிகுறி, தீவனம் போடும்போது ஓடிவராத ஆடு. அன்றே அதைப் பிடித்து வாயை மோந்து பாருங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். மோந்தும் சிலருக்குத் தெரியாது. அவர்கள் மூத்திரத்தில் கீட்டோன் பார்க்கும் பட்டையை வைத்துக்கொள்ளலாம். உடனே ஆற்றல் தரும் மருந்துத் திரவமான புரோப்பிலீன் கிளைக்கால் 60 மி.லி. நாளுக்கு இருமுறை வாயில் ஊற்ற வேண்டும். ஆடு விழுங்குகிறதா என்று பார்த்து மெதுவாக ஊற்றுங்கள். கால்சியம் குறைவும் ஏறக்குறைய இதே போலத் தோன்றும், கூடவே வரவும் செய்யும். அதனால் மருத்துவர் வந்து ஊசி போடட்டும். ஆடு படுத்துவிட்ட பிறகு பிழைப்பது அரிது.

இதை முன்கூட்டியே தடுக்கக் கடைசி ஆறு வாரத் தீவனத்தைத் திட்டமிடுங்கள். கிடா சேர்த்த 45ஆம் நாளிலிருந்து 90ஆம் நாளுக்குள் ஸ்கேன் எடுத்து, ஒற்றை, இரட்டை, மூன்று என்று பிரித்துவிடுங்கள். பிறகு கையால் பாருங்கள். கடைசி விலாவுக்குப் பின்னே முதுகெலும்பின் பக்க முனைகளை விரலால் அழுத்துங்கள். முனைகள் கூராகக் குத்தினால் மெலிவு. அழுத்தினால் மட்டும் உருண்டையாகத் தட்டுப்பட்டால் சரி. எவ்வளவு அழுத்தியும் கிடைக்கவில்லை என்றால் கொழுப்பு மிகுதி. கம்பளிக்குள் மெலிந்த ஆடும் தடித்துத் தெரியும் என்பதால் கண்ணை நம்ப வேண்டாம்.

இரட்டைக் குட்டிக்காரிக்கு ஆறு வாரம் முன்பு 100 கிராம் அடர்தீவனத்தில் (தானியக் கலவையில்) தொடங்கி, கடைசி இரண்டு வாரத்தில் 500 கிராம் வரை ஏற்றுங்கள். நாளுக்கு இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தொட்டியில் தலைக்கு 45 செ.மீ. இடம் இல்லாவிட்டால் வலுத்தவை இருமடங்கு தின்னும், கூச்சமுள்ளவை பட்டினி கிடக்கும். சராசரிக் கணக்கு மட்டும் நோட்டில் அழகாக இருக்கும். அந்த நாட்களில் குளம்பு வெட்டுவது, நாயை விட்டு விரட்டுவது, ஏற்றி இறக்குவது எதுவும் வேண்டாம். ஒரு நாள் பட்டினியே நோயைக் கிளப்பப் போதும். துள்ளுமாரிக்கும் (குடலில் நச்சு உண்டாக்கும் நோய்) டெட்டனஸுக்குமான தடுப்பூசி ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போடப்பட வேண்டும். அப்போதுதான் சீம்பால் வழியே குட்டிக்குப் பாதுகாப்புப் போய்ச் சேரும்.

கேள்வி: விடிகாலையில் போய்ப் பார்த்தால், இரவில் பிறந்த குட்டி விறைத்துக் கிடக்கிறது. அடுப்படிக்குக் கொண்டுவந்து பால் புகட்டினோம், வலிப்பு வந்து செத்தது. எங்கே தவறினோம்?

பதில்: வரிசையில் தவறிவிட்டது. விறைத்த குட்டியைத் தூக்கியதும் முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள், அடுத்து அது பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று கணக்கிடுங்கள். இவை இரண்டும் தெரியாமல் எதையும் செய்யக் கூடாது.

குட்டியின் இயல்பான வெப்பம் 39 முதல் 40 டிகிரி. 37க்கும் 39க்கும் நடுவே இருந்தால் துணியால் அழுத்தித் துடைத்து, சீம்பால் கொடுத்து, தாயோடு ஒதுக்குப்புறமான 1.5 மீட்டர் சதுர அறையில் விட்டால் தேறிவிடும்.

37க்குக் கீழே, பிறந்து 5 மணி நேரம் ஆகவில்லை என்றால், முதலில் உலர்த்தி, பிறகு சூடேற்றி, 37ஐத் தாண்டிய பின் சீம்பால் கொடுங்கள். பிறக்கும்போது கொண்டுவந்த பழுப்புக் கொழுப்பு, அதாவது உடலைச் சூடாக்க எரியும் கொழுப்பு, இன்னும் மிச்சமிருக்கும்.

37க்குக் கீழே, 5 மணி நேரமும் கடந்துவிட்டது என்றால், அந்தக் கொழுப்பு தீர்ந்து ரத்தத்தில் சர்க்கரையே இருக்காது. இந்த நிலையில் நேராக அடுப்படிக்குக் கொண்டுபோவதில்தான் விபரீதம். உடல் சூடேற ஏற மூளை சர்க்கரை கேட்கும், கொடுக்க ஒன்றும் இருக்காது, வலிப்பு வரும். உங்கள் குட்டிக்கு இதுதான் நடந்திருக்கும். இதற்குச் சூடேற்றும் முன் 20 சதவீத குளுக்கோஸ் கரைசலை, எடையில் கிலோவுக்கு 10 மி.லி. கணக்கில் வயிற்றறைக்குள் ஊசியாகப் போட வேண்டும். கையில் 40 சதவீத பாட்டில் இருந்தால் சமஅளவு கொதித்த நீர் கலந்தால் 20 ஆகிவிடும். அது உடற்சூட்டுக்கு ஆறிய பிறகே போட வேண்டும். தொப்புளுக்குப் பக்கவாட்டில், கீழே, எந்தக் கோணத்தில் குத்துவது என்பதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. ஈற்றுக்காலம் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

சூடேற்றச் சிறிய பெட்டிக்குள் 35 முதல் 37 டிகிரி வெப்பக்காற்று போதும். அரைமணிக்கு ஒருமுறை வெப்பம் பார்த்து, 37ஐத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். வெந்நீர்த் தொட்டியில் முக்கினால் வேகமாகச் சூடேறும், ஆனால் பிறந்த வாசனை போய்விட்டால் தாய் சேர்க்காது. குட்டி தலையைத் தானே தூக்காத வரை வாய்வழி எதுவும் கூடாது, பால் நுரையீரலுக்குப் போகும். தலை நின்றதும் குழாய் வழியே கொடுக்கலாம். குழாயை மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா வரை அளந்து குறி வைத்து, வாயின் ஓரமாக, குட்டி விழுங்க விழுங்க உள்ளே தள்ளுங்கள். இருமினால் உடனே வெளியே இழுத்துவிட வேண்டும்.

அளவு: முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மி.லி., முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 200 மி.லி. 4 கிலோ குட்டிக்கு முதல் வேளை 200, ஒரு நாளில் 800. உறைய வைத்த சீம்பாலை 50 டிகிரிக்கு மேற்படாத நீரில் பையோடு மிதக்கவிட்டு இளக்குங்கள். அடுப்பில் நேராக வைத்தால் நோய் எதிர்ப்புப் புரதம் வெந்து வெறும் பாலாகிவிடும். பசுவின் சீம்பால்தான் கிடைக்கிறது என்றால் நான்கைந்து பசுக்களுடையதைக் கலந்து வையுங்கள். சில பசுக்களின் சீம்பால் குட்டிக்குக் கடும் ரத்தசோகை தரும், கலந்தால் அந்த ஆபத்து நீர்த்துவிடும்.

வெப்பவிளக்கைக் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். சங்கிலியில், ஆடு எட்டாத உயரத்தில், உத்தரத்தோடு பிணைத்துக் கட்டுங்கள். வைக்கோல் மேல் விழுந்த விளக்கு கொட்டகையையே எரித்துவிடும்.

கேள்வி: குளிர்காலத்திலேயே கம்பளி கத்தரிக்கலாம் என்கிறார்களே?

பதில்: வசந்தம் வரை கொட்டகையில் வைத்திருக்க முடிந்தால் கத்தரிக்கலாம். ஈனுவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பு செய்யுங்கள். கத்தரித்த ஆடு அதிகம் தின்னும், குட்டி கூடுதல் எடையோடு பிறக்கும், கொட்டகையின் ஈரம் குறையும், குட்டிக்குக் காம்பு எளிதில் கிடைக்கும். நனைந்த கம்பளியில் கத்தரி வைக்காதீர்கள். புல் கையிருப்பு இழுபறியாக இருந்தால் அந்த ஆண்டு வேண்டாம்.

கேள்வி: ஈற்றுக்காலத்தில் வீட்டில் யார் எந்த வேலையைப் பார்ப்பது? மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம், மகனுக்கு 12 வயது.

பதில்: மருமகள் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். கருச்சிதைவை உண்டாக்கும் டாக்ஸோபிளாஸ்மா, கிளமிடியா, லிஸ்டீரியா கிருமிகள் ஈன்ற திரவத்திலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கலாம். இவை பெண்களின் கர்ப்பத்தையும் கலைக்கும். கொட்டகைத் துணியையும் அவர் துவைக்கக் கூடாது, ஈரக் குட்டியை அவர் இருக்கும் சமையலறைக்குக் கொண்டுவரவும் கூடாது.

பையனுக்கு எழுத்து வேலை கொடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் ஒரே எண்ணை வண்ணத்தால் குறித்து, ஈன்ற நேரம், தொப்புளில் அயோடின் தொட்டதா, குட்டி வயிறு நிறையக் குடித்ததா என்று பலகையில் எழுதட்டும். இரவில் 3 மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தால், பலகையைப் படித்தே அடுத்தவர் தொடரலாம், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. முறைக்காரருக்கு ஒரு விதி போதும்: ஆடு முக்கத் தொடங்கி அரைமணி நேரத்தில் கால்களோ மூக்கோ வெளியே தெரியாவிட்டால், கைகழுவி, உறை மாட்டி, உள்ளே பார்க்க வேண்டும்.

கேள்வி: கொட்டகைக் கூரையில் அரை மீட்டர் பனி. தாங்குமா?

பதில்: புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோவுக்குள் இருக்கும். படிந்து இறுகினால் 200 முதல் 300. மழையில் ஊறினால் 400ஐத் தாண்டும். 8க்கு 12 மீட்டர் கூரையில் அரை மீட்டர் இறுகிய பனி 12 டன் இருக்கும். உத்தரம் வளைந்தாலோ கதவு திடீரென இறுகினாலோ ஆடுகளை வெளியேற்றுங்கள். நீண்ட கோல் வைத்துத் தரையில் நின்றே இழுங்கள், இரு சரிவிலும் மாறி மாறி. ஒரு பக்கம் மட்டும் காலி செய்தால் சட்டம் கோணிக்கொள்ளும்.

கேள்வி: மேய்ச்சலில் இருந்தபோது புயல் வந்து ஏழு ஆடுகளைக் காணோம். எங்கே தேடுவது?

பதில்: காற்று வந்த திசைக்கு மறுபக்கம், கல்சுவரை ஒட்டியும் பள்ளத்திலும். ஆடு காற்றுக்கு முதுகு காட்டிச் சுவருக்குப் பின்னே ஒதுங்கும், காற்று பனியைக் கொட்டுவதும் அதே இடத்தில்தான். பனிப்பரப்பில் விரல் நுழையும் அளவு துளையும் அதன் விளிம்பில் மஞ்சள் கறையும் தெரிந்தால், கீழே மூச்சு ஓடுகிறது. நாய் முகர்ந்து நிற்கும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் நுனி மழுங்கிய நீண்ட கோலை ஓரடிக்கு ஒருமுறை மெல்ல இறக்குங்கள். கல் ‘டக்’ என்று எதிர்க்கும், மண்ணும் விறைப்பாகத் தடுக்கும், ஆடு மட்டும் மெத்தென்று திருப்பித் தள்ளும்.

பனிக்கு அடியில் பல நாள் உயிரோடு கிடந்த ஆடுகள் உண்டு. ஆகவே மூன்றாம் நாளில் தேடலை நிறுத்திவிடாதீர்கள். மேலிருந்து தோண்டினால் குழி இடிந்து மூச்சுத்துளை மூடும், பக்கவாட்டில் வழி வெட்டுங்கள். வெளியே எடுத்ததும் இளஞ்சூடான தண்ணீர் கொஞ்சம், ஒரு கைப்பிடி உலர்புல், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கைப்பிடி. பட்டினி கிடந்த பெருவயிற்றுக்கு அன்றும் மறுநாளும் தானியம் காட்டாதீர்கள். கால் மரத்து நிற்க முடியாததை வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து, சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றிவிடுங்கள்.